கிளிப் போட்ட பல்லில் சொத்தை ஏன் வருகிறது, அதை எப்படித் தடுப்பது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். 12 வயது மகளுக்கு அடுத்த மாதம் கிளிப் போடப் போகிறார்கள். 7 வயது மகனுக்குக் கடைவாய்ப் பால் பல்லைச் சொத்தை என்று எடுத்துவிட்டு, இடம் குறுகாமல் இருக்கப் பக்கத்துப் பல்லில் வளையமும் கம்பியும் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிளிப்பைக் கழற்றியபோது முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்தனவாம். கிளிப்பால் வாயில் கிருமி பெருகுமா, சொத்தை வருமா, தள்ளிப்போடலாமா என்பது அவர் கேள்வி.

கிருமி பெருகும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிருமி பெருகிய எல்லாப் பிள்ளைகளுக்கும் சொத்தை வருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை மூன்று விஷயங்கள்: நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு வாய்க்குள் போகிறது, இரவில் பல் எப்படித் தேய்க்கப்படுகிறது, பேஸ்ட்டில் ஃப்ளோரைடு இருக்கிறதா. இவை மூன்றும் வீட்டில் உங்கள் கையில் இருப்பவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளிப் இல்லாத பிள்ளைக்குச் சொத்தை எங்கே வருகிறது என்று பாருங்கள். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் வரும், இரண்டு பல் ஒட்டும் இடுக்கில் வரும். பல்லின் வழவழப்பான முன்பக்கத்தில் அபூர்வமாகத்தான் வரும். உதடும் கன்னமும் நாள் முழுக்க அதை உரசித் துடைக்கின்றன, எச்சில் அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிருமிக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் பிராக்கெட் என்ற சின்னக் கட்டை வந்ததும் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதுவரை மிகப் பத்திரமாக இருந்த இடம்தான் மிக ஆபத்தான இடமாகிறது. வெள்ளைத் திட்டு முன்பக்கத்திலேயே வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பிராக்கெட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கதை விளங்கும். பல்லின் மேல் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் உலோகக் கட்டை. அதைச் சுற்றி ஒட்டுப் பசையின் விளிம்பு. பசை கொஞ்சம் அதிகமாகப் பிதுங்கி, துடைக்கப்படாமல் இறுகியிருந்தால் அந்த விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். கிருமிகள் முதலில் குடியேறுவது அங்கேதான். கட்டையின் நடுவே கம்பி ஓடுகிறது. கம்பி நழுவாமல் இருக்கப் பிள்ளைகள் ஆசையாக நிறம் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்ளும் சின்ன ரப்பர் வளையம். அது எச்சிலில் ஊறி, தளர்ந்து, மேற்பரப்பு சொரசொரத்துப் போகும். அதனால்தான் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். சுத்தம் சரியாக இல்லாத பிள்ளைக்கு ரப்பருக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் கம்பியால் கட்டச் சொல்லிக் கேட்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கட்டைக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பட்டை. பிரஷ் கட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும், அந்தப் பட்டையைத் தொடவே தொடாது. மேல்வரிசையில் நடு இரண்டு பற்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன முன்பல்லில் கட்டைக்கும் ஈறுக்கும் இடைவெளி இன்னும் குறைவு. வெள்ளைத் திட்டு அதிகம் வருவது அந்தப் பல்லில்தான்.

இப்போது கிருமிகள். நம் எல்லோர் வாயிலும் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. சொத்தைக்கு முக்கியப் பொறுப்பாளிகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் என்ற இரண்டு கூட்டங்கள். முன்னது சர்க்கரையிலிருந்து பசைபோன்ற ஒன்றைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளும். பின்னதற்கு அப்படி ஒட்டும் சாமர்த்தியம் குறைவு. ஒதுங்க ஒரு மூலை கிடைத்தால்தான் பெருகும். கிளிப் அந்த மூலைகளை அள்ளிக் கொடுக்கிறது. இரண்டுமே சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலத்திலேயே அவற்றால் வாழவும் முடியும். மற்ற பல கிருமிகளால் முடியாது. ஆக, திரும்பத் திரும்ப அமிலம் ஊறும் இடத்தில் நல்ல வகைகள் மெல்ல ஒதுங்கி, சொத்தைக் கிருமிகள் இடத்தைப் பிடிக்கின்றன. கிளிப் போட்ட சில வாரங்களிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிடும். ஒட்டிய கிளிப்பானாலும் கழற்றி மாட்டும் பிளேட்டானாலும் எண்ணிக்கை கூடவே செய்கிறது. கழற்றிய சில மாதங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். கிருமி இறங்கிவிடும், அதற்குள் கரைந்த எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலோடு, முழுசாகத் திரும்பாது.

இனிப்பு சாப்பிட்ட ஐந்து பத்து நிமிடத்துக்குள் பல்லில் ஒட்டிய கிருமிப் படலத்தின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ அதுதான். எச்சில் அதைச் சமன் செய்து மேலே தூக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எச்சில் எளிதில் புகாத பிராக்கெட் ஓரங்களில் இன்னும் தாமதமாகும். அதனால் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே கணக்கு. பெங்களூருப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் சர்க்கரை போட்ட பால், ஸ்கூல் வேனில் பிஸ்கட், பத்தரை மணி இடைவேளையில் ஜூஸ் பாக்கெட், சாயங்காலம் வந்ததும் பன்னோ சிப்ஸோ, டியூஷனுக்குப் போகும் வழியில் ஒரு சாக்லேட், படுக்கும்முன் மறுபடியும் பால். ஆறு தடவை. இதையே சாப்பாட்டு வேளையோடு சேர்த்து மூன்று தடவையாக்கினால் சாப்பிடும் அளவு குறையாமலே அமிலம் ஊறும் தடவைகள் பாதியாகக் குறையும்.

வெல்லம் நல்லது, நாட்டுச் சர்க்கரை நல்லது, தேன் நல்லது என்று பலர் மாற்றிக் கொடுக்கிறார்கள். சொத்தைக் கிருமிக்கு இவற்றில் எந்த வித்தியாசமும் தெரியாது. வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டையும் எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் கம்பியில் சிக்கி மணிக்கணக்கில் நிற்கும் என்பதால் இன்னும் மோசம். சிப்ஸும் அப்படித்தான், காரமாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம், மாவுச்சத்து வாயிலேயே சர்க்கரையாகிவிடும். சளி, இருமல் சிரப்களில் பலவற்றில் சர்க்கரை இருக்கிறது. இரவில் கொடுத்தால் கொடுத்தபின் பல் தேய்க்க வேண்டும்.

வெள்ளைத் திட்டு எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதில்தான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்றரை இரண்டு வருடம் போட்டிருந்தால் வரும் என்று நினைக்கிறார்கள். சுத்தம் தவறினால் நான்கு வாரம் போதும். 1982-இல் அமெரிக்காவில் வெளியான, இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வில் கிளிப் போட்டு முடித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது வெள்ளைத் திட்டு இருந்தது. கிளிப்பே போடாதவர்களில் கால்வாசிப் பேருக்கு. 11, 12 வயதில் ஆபத்து கூடுதல். அந்த வயதில்தான் சில கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைத்திருக்கும். முளைத்த புதிதில் எனாமல் முழுசாக இறுகியிருக்காது, அமிலத்துக்குச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்கு மேல் முன்பற்கள் இரவெல்லாம் காய்ந்து கிடக்கும் என்பதால் அங்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். பல் தேய்த்தபின் உதட்டைத் தூக்கிப் பிடித்து, பஞ்சால் பல்லைத் துடைத்து, ஐந்து நொடி காயவிட்டு, செல்போன் டார்ச்சில் பாருங்கள். காய்ந்தால் மட்டும் தெரியும் வெள்ளை, ஆரம்பக் கட்டம். எச்சில் ஈரத்தோடேயே தெரிந்தால் கொஞ்சம் முற்றியது. சாக்பீஸ்போல மங்கலாகச் சொரசொரப்பாக இருந்தால் இப்போதும் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வழவழப்பாகப் பளபளத்தால் நின்றுவிட்ட பழைய தழும்பு. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலோடு இதையும் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பெங்களூரில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய; கோலார் பக்கமும் அதே கதை. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பிறகு எப்போதும் போகாத வெள்ளைக் கோடுகளோ பழுப்பு நிறமோ இருக்கும். இது கிளிப்பால் வந்தது அல்ல. இடது வலது இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, பல்லின் குறுக்கே மங்கலாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் தண்ணீரால் வந்தது. பிராக்கெட்டைச் சுற்றியோ ஈறு ஓரமாக வளைவாகவோ எல்லை தெளிவாக இருந்தால் கிளிப் காலத்தில் வந்தது. பின்னால் சண்டை வராமல் இருக்க, கிளிப் போடும்முன் பற்களைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டே, பேஸ்ட்டில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வீட்டில் ஆர்ஓ தண்ணீர்ச் சுத்திகரிப்பான் இருந்தால் தண்ணீரிலிருந்து அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. பேஸ்ட்டில் உள்ளது பல்லின் மேலே நேராக வேலை செய்வது, அது வேண்டும்.

பேஸ்ட் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியாவில் பேஸ்ட்டில் சட்டப்படி அதிகபட்சம் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளோரைடுதான் இருக்கலாம்; அளவை டியூபில் அச்சிட வேண்டும். குழந்தைகளுக்கென்று கார்ட்டூன் படம் போட்டு விற்பவற்றில் பல 500-க்குக் கீழே; மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் ஒன்றுமே இல்லை. கிளிப் போட்ட 12 வயதுப் பெண்ணுக்கு 1000 பிபிஎம் பேஸ்ட்தான் சரி. காலையும் இரவும், பட்டாணி அளவு. பல்பொடியும் கரித்தூளும் கூடாது. துகள்கள் பிராக்கெட் ஓரத்தில் அடைந்துகொள்ளும், எனாமலையும் தேய்க்கும். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி, அது கம்பி இல்லாத பல்லுக்குச் சொன்னது. கம்பிக்குப் பின்னால் எந்தக் குச்சியும் நுழையாது.

இரவுத் தேய்ப்பை விட்டுக்கொடுக்கவே கூடாது. தூங்கும்போது எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கிருமிக்கு எதிரான நம் பெரிய துணையே எச்சில்தான். செய்யும் முறை இது. முதலில் தண்ணீரால் மூன்று நான்கு தடவை வேகமாகக் கொப்பளித்துச் சிக்கிய உணவை வெளியேற்ற வேண்டும். நடுவில் பள்ளமாக வெட்டிய ஆர்த்தோ பிரஷ், அல்லது சின்னத் தலையுள்ள மிருதுவான சாதாரண பிரஷ். கம்பிக்கு மேலே, பிரஷை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, ஒரு பல்லுக்குப் பத்து சின்ன அசைவு. அடுத்து கம்பிக்குக் கீழே, பிரஷைப் பிராக்கெட்டை நோக்கிச் சாய்த்து. அப்புறம் பிராக்கெட்டின் மேல் நேராக. பின் உள்பக்கம், மெல்லும் பக்கம். பிறகு பல் இடுக்குக்கான கூம்பு வடிவச் சின்ன இன்டர்டென்டல் பிரஷைக் கம்பியின் அடியில் மேலிருந்து கீழாக நுழைத்து, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கமும். சாதாரண பல்நூல் கம்பியைத் தாண்டி உள்ளே போகாது. நுனி விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் வாங்கி, வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது இடுக்குகளில் இழுங்கள். எல்லாம் சேர்த்து ஆரம்பத்தில் பத்து நிமிடம் ஆகும், பழகினால் ஐந்து. கடைசியாக நுரையைத் துப்ப வேண்டும், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரைடு வாஷ்பேசினில் போய்விடும். அதன்பின் படுக்கை; பால் என்றால் தேய்ப்பதற்கு முன்னால். 12 வயதுப் பிள்ளை தானே செய்யும், ஆனால் முதல் இரண்டு மாதம் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பெரியவர் வேண்டும்.

பிரஷ் எங்கே தவறுகிறது என்று கண்ணால் பார்க்க, படலத்துக்குச் சிவப்பு நிறம் ஏற்றும் மாத்திரையோ சொட்டு மருந்தோ பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மென்று துப்பியதும் தேய்க்காத இடம் செக்கச் சிவப்பாகத் தெரியும். நூறு தடவை சொல்வதைவிட ஒரு தடவை கண்ணாடியில் பார்த்தது பிள்ளைக்கு உறைக்கும். பெரும்பாலும் சிவப்பு நிற்கும் இடம் நான் மேலே சொன்ன பட்டைதான்.

வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் இரண்டு வகை, கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு உள்ளது தினசரிக்கு: 10 மில்லி, ஒரு நிமிடம், துப்பிவிட்டு அரை மணி எதுவும் சாப்பிடாமல். தேய்த்த உடனே வேண்டாம். ஸ்கூலிலிருந்து வந்ததும் என்று வேறு நேரத்தில் வைத்தால் பல்லுக்கு ஒரு வேளை ஃப்ளோரைடு கூடுதலாகக் கிடைக்கும். ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை விழுங்கிவிடும், கொடுக்காதீர்கள். இன்னொன்று 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. ஈறு வீங்கி ரத்தம் வரும்போது மருத்துவர் சொன்னால் மட்டும், இரண்டு வாரம்வரை. அதற்குமேல் போனால் பல் பழுப்பேறும், சுவை மாறும். நிறுத்தியதும் கிருமிகள் திரும்ப வந்துவிடும். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் தேய்த்தபின் அரை மணி இடைவெளி வேண்டும்.

பிராக்கெட் கழன்றால் தள்ளிப்போடவேண்டாம். தட்டை, சீடை, முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, முழுக் கொய்யா ஆகியவைதான் வழக்கமாகக் கழற்றுபவை. வேண்டுமானால் பொடித்தோ சின்னத் துண்டாக நறுக்கியோ கொடுங்கள். கழன்ற கட்டை கம்பியில் தொங்கிக்கொண்டே இருக்கும், வலிக்காது, பிள்ளை சொல்லாது. அடியில் உணவு புகுந்து அரிக்கும்.

மகனுக்கு மாட்டிய வளையம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வளையத்தைப் பல்லோடு பிடித்திருப்பது சிமென்ட். அது நாளடைவில் எச்சிலில் கரையும். ஒரு ஓரம் திறந்தால் உள்ளே எச்சிலும் சர்க்கரையும் கிருமியும் புகும், பிரஷ் புகாது. மூடிய வளையத்துக்குள் நடப்பது வெளியே தெரியாது. கழற்றும்போது பல்லின் ஒரு பக்கமே மிருதுவாகியிருக்கும். சோதனை எளிது. சுத்தமான விரலால் வளையத்தை ஈறுப்பக்கம் மெல்ல அழுத்துங்கள். ஓரத்தில் எச்சில் குமிழி கிளம்பினாலோ வளையம் துளி அசைந்தாலோ சிமென்ட் விட்டுவிட்டது, அந்த வாரமே காட்டுங்கள். அந்தப் பக்கம் கெட்ட வாடையோ புளிப்புச் சுவையோ இருந்தாலும் அப்படியே. ஒன்றும் தெரியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். ஏற்கெனவே ஒரு பால் பல்லைச் சொத்தையில் இழந்த பிள்ளை என்பதால் கிருமி எண்ணிக்கை அவனிடம் முன்பே அதிகமாக இருக்கக்கூடும். மீதிப் பற்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் நிலையான பல் முளைத்து எட்டிப் பார்த்ததும் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும்.

கழற்றி மாட்டும் பிளேட் என்றால் அதன் அக்ரிலிக் பரப்பில் நுண்துளைகள் உண்டு. கிருமியோடு பூஞ்சையும் தங்கும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கைகழுவும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போதும். சுடுதண்ணீர் வடிவத்தைக் கெடுத்துவிடும். பல் வரிசைமேல் மாட்டும் ஒளிபுகும் உறையான அலைனர் மாட்டியிருக்கும்போது தண்ணீர் தவிர வேறெதையும் குடிக்கவே கூடாது. ஜூஸ் உள்ளே தேங்கினால் பல் அதிலேயே ஊறிக்கிடக்கும்.

தள்ளிப்போடலாமா என்று கேட்டீர்கள். வாயில் அடைக்காத சொத்தை இருந்தால், அல்லது பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால், கட்டாயம் தள்ளிப்போடுங்கள். சொத்தையை அடைத்து, இரண்டு மூன்று மாதம் மேலே சொன்ன தேய்ப்பைப் பழக்கி, அடுத்தடுத்த இரண்டு பரிசோதனையில் சுத்தமாக இருந்தபின் கிளிப் போடலாம். பெரும்பாலான கோணல் பற்களுக்கு மூன்று மாதத்தில் ஒன்றும் குடிமுழுகாது. மேல் தாடையை அகலப்படுத்தும் கருவிபோல எலும்பு வளரும் வயதைச் சார்ந்த சிகிச்சை என்றால் மட்டும் காத்திருக்கும் காலத்தை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். செலவு தடையென்றால் விக்டோரியா மருத்துவமனை பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

இடையில் திட்டு வந்துவிட்டால் மருத்துவர் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார். அதில் 22,600 பிபிஎம் இருக்கிறது; ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு வருகையிலும்கூடப் பூசலாம். அதையும் மீறிப் போனால் கம்பியைச் சில வாரம் கழற்றி வைத்துப் பல்லைத் தேறவிடுவார்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் வரிசை முழுசாகச் சேராமலே கிளிப்பை எடுத்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து; சொத்தையான நேர்ப்பல்லைவிடச் சற்றுக் கோணலான முழுப்பல் மேல். கழற்றியபின் மிச்சமிருக்கும் திட்டுகளுக்கு அவசரப்பட்டு வெளுக்கும் சிகிச்சை செய்யாதீர்கள். முதல் ஆறு மாதம் எச்சிலும் சாதாரண 1000 பிபிஎம் பேஸ்ட்டும் தாமே நிறையச் சரிசெய்யும். முன்பல்லில் உடனே அதிக அளவு ஃப்ளோரைடு பூசினால் மேல்பரப்பு மட்டும் மூடிக்கொண்டு உள்ளே வெள்ளை அப்படியே நின்றுவிடலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இதையே சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பின்னும் உறுத்தலாகத் தெரிந்தால், திட்டுக்குள் ரெசின் என்ற ஒளிபுகும் பிசினை ஊறவைத்து நிறத்தை மறைக்கும் சிகிச்சை இருக்கிறது, பல்லைக் குடைய வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்குக் கிளிப் போட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆர்த்தோ பிரஷும் இன்டர்டென்டல் பிரஷும் இப்போதே வாங்கி, கிளிப் இல்லாத பல்லிலேயே கையைப் பழக்குங்கள். போட்டபின் வரும் முதல் பரிசோதனை பெரும்பாலும் நாலாவது வாரம் விழும். அன்று கம்பியைக் கழற்றி, புதியது மாட்டும்முன் சில நிமிடம் பிராக்கெட்டுகள் மட்டும் தனியாக இருக்கும். அந்த நேரத்தில் சிவப்பு மருந்து தடவிப் பார்த்து, மகளையே அங்கேயே தேய்க்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பல்லில் சிவப்பு மிஞ்சுகிறது என்று ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வந்து, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள்.